ஆடிட்டிங்கில் முதலில் 33, அப்புறம் 36: குறை என் இங்கிலீஷிலா?

உசிலைக்காரன் (ஜூலை, ஞாயிறு இரவு)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக இங்கே படிக்க மட்டும் வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை.

சி.ஏ. படிப்பின் நடுக் கட்டமான இன்டர், இரண்டாவது குரூப். ஜனவரியில் காஸ்டிங் 61, எஃப்.எம். (நிதி மேலாண்மை) 52, ஆடிட்டிங் 33. காஸ்டிங்கில் 60க்கு மேல் வந்து எக்ஸெம்ப்ஷன் கிடைத்ததால் மே மாதம் மற்ற இரண்டை மட்டும் எழுதினேன். எஃப்.எம். 55, ஆடிட்டிங் 36. கூட்டினால் 152. குரூப்புக்கு வேண்டிய 150 வந்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு பேப்பரிலும் 40 வேண்டுமே. நாலு மார்க்கில் போச்சு.

பன்னிரண்டாவது வரை உசிலம்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தேன். பி.காம். மதுரையில். இப்போது பகலில் சிம்மக்கல்லில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் வேலை. ஆர்ட்டிக்கிள் (சி.ஏ.வுக்கான கட்டாயப் பயிற்சி) இல்லை, சும்மா அசிஸ்டெண்ட்தான். புது ஸ்கீமில் இரண்டு குரூப்பும் முடித்தால்தானே ஆர்ட்டிக்கிள். கணக்குப் பேப்பர் எதுவும் என்னைக் கவிழ்த்ததில்லை. எழுத்துப் பேப்பர்தான் உதைக்கிறது. லாவில்கூட 41இல் தப்பித்தவன் நான்.

பக்கத்தில் ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் மூன்று மாதத்துக்கு 6,000 ரூபாய் கேட்கிறார்கள். செப்டம்பரில் மறுபடி பரீட்சை. சேரலாமா? இங்கிலீஷ் சரியில்லாததால்தான் மார்க் போகிறதா, இல்லை நானே சரியில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாட்டுத்தாவணி (அன்றிரவே)

தம்பி, கோபப்படாதே. இங்கிலீஷ் என்பது ஒரு சாக்கு. ஆடிட்டிங் மனப்பாடப் பேப்பர். எஸ்.ஏ. (ஆடிட்டிங் விதிமுறை) நம்பர், தலைப்பு, ஐந்து பாயிண்ட். அவ்வளவுதான். நானும் தமிழ் மீடியம்தான், மேலூர்ப் பக்கம். மூன்று முறை முழுப் புத்தகத்தையும் உருப்போட்டு 54 வாங்கினேன். அந்த 6,000 ரூபாய்க்கு டெஸ்ட் சீரீஸ் வாங்கு.


தெப்பம்

நான் சி.ஏ. ஃபைனல். எல்.கே.ஜி.யிலிருந்து இங்கிலீஷ் மீடியம், வீட்டில் பேப்பர்கூட இங்கிலீஷ்தான். இன்டரில் முதல் அட்டெம்ப்டில் ஆடிட்டிங் எவ்வளவு தெரியுமா? 38.

தைரியமாக எழுதினேன். பக்கம் பக்கமாக. வெளியே வந்து அம்மாவிடம் 65 வரும் என்றேன். அப்புறம் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்தால், அழகான கதை எழுதியிருக்கிறேன். ஆடிட்டர் கவனமாக இருக்க வேண்டும், எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும், நேர்மை முக்கியம். இதைப் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் பேசலாம். கேட்ட சட்டப்பிரிவு இல்லை, எஸ்.ஏ. இல்லை, முடிவு இல்லை. இங்கிலீஷ் நன்றாக வந்ததால்தான் விஷயம் இல்லாமலே இரண்டு பக்கத்தை நிரப்ப முடிந்தது. உங்களுக்கு அந்த வசதி இல்லை, ஒரு விதத்தில் நல்லது.

ஸ்போக்கன் வகுப்பு வேண்டாம் என்பதே என் ஓட்டும். பரீட்சை ஹாலில் யாரோடு பேசப் போகிறீர்கள்?


வெற்றிலைக்கொடி

நான் கணக்குக்காரன் இல்லை. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியன், சோழவந்தான். என் மகன் இந்தப் பரீட்சை எழுதுவதால் இங்கே எட்டிப் பார்ப்பேன்.

உசிலம்பட்டித் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடுதான் சொல்கிறேன். பத்தாம் வகுப்பு ஆங்கிலத் தேர்வில் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பார்கள் அல்லவா? பின்தங்கிய பிள்ளைகளுக்கு நாங்கள் ஒரு வித்தை சொல்லிக்கொடுப்போம். கேள்வியில் இருக்கும் பெரிய சொல் ஒன்றைப் பிடி, அதே சொல் பத்தியில் எங்கே இருக்கிறது என்று தேடு, அந்த வரியை முற்றுப்புள்ளி வரை அப்படியே எடுத்து எழுது. அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. 35 வாங்கிவிடுவான். ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அப்படித்தான் கரையேற்றினேன்.

அந்த வித்தை சிலரிடம் ஆயுசுக்கும் ஒட்டிக்கொள்கிறது. கேள்வியைப் படிப்பதே இல்லை, கேள்வியில் ஒரு சொல்லைத் தேடுகிறார்கள். தம்பிக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.


கீழமாசி

அடிப்படைக் கேள்வியை ஏன் யாரும் கேட்கவில்லை? சி.ஏ. பரீட்சையை இங்கிலீஷில் எழுதலாம், இந்தியில் எழுதலாம். வேறு மொழியில் முடியாது. லக்னோவில் ஒரு பையன் தாய்மொழியில் எழுதுகிறான், உசிலம்பட்டிப் பையன் அந்நிய மொழியில் எழுதுகிறான். இரண்டு பேருக்கும் ஒரே 40.


மாட்டுத்தாவணி

தமிழில் வைத்தால் யார் எழுதுவார்? கம்பெனிச் சட்டம், ஆடிட் ரிப்போர்ட், கேஸ் எல்லாம் இங்கிலீஷ். தமிழில் பாஸ் பண்ணிவிட்டு வேலைக்கு எங்கே போவது?


கீழமாசி

இந்தியில் பாஸ் பண்ணியவர் எங்கே போகிறாரோ அங்கேதான்.


அழகர்மலை (நெறியாளர்)

இது நியாயமான சண்டைதான். ஆனால் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள். தம்பிக்குச் செப்டம்பரில் பரீட்சை.


பேரேடு (திங்கள் இரவு)

நேற்று ஒரு மில்லில் ஸ்டாக் எடுக்கப் போய்விட்டேன், இன்றுதான் பார்க்கிறேன். சொந்தமாகப் பிராக்டிஸ் ஆரம்பித்து இருபது வருடம் ஆகிறது. திருமங்கலத்தில் தமிழ் வழியில் படித்தவன்.

மாட்டுத்தாவணி சொல்லும் மனப்பாட வழி ஒரு காலத்தில் ஓடியது. இப்போது இன்டர் ஆடிட்டிங்கில் 100க்கு 30 மார்க் எம்.சி.க்யூ. (விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி). அதிலும் பலவற்றை ஒரு முழுக் கதையைக் கொடுத்து அதிலிருந்து கேட்கிறார்கள். மீதி 70லும் சூழ்நிலையைச் சொல்லி 'ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும்' என்பதுதான் நிறைய. மூன்று மணி நேரத்துக்கு 100 மார்க். ஒரு மார்க்குக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. முன்னால் கொடுக்கும் பதினைந்து நிமிட வாசிப்பு நேரத்தைச் சேர்த்தாலும், ஒரே பத்தியை மூன்று தடவை படிக்கிறவனுக்கு நேரம் பத்தாது.

என் கதை ஒன்று. புத்தகத்தில் 'மெட்டீரியல் மிஸ்ஸ்டேட்மெண்ட்' என்று பக்கத்துக்குப் பத்து இடத்தில் வரும். மெட்டீரியல் என்றால் எனக்குத் தெரிந்தது சரக்கு, சாமான். 'ரா மெட்டீரியல்' என்கிறோமே, அதுதான். ஆக, சரக்குக் கணக்கில் வரும் தப்பு என்று புரிந்துகொண்டு ஒரு வருடம் படித்தேன். சிரிக்காதீர்கள். வாக்கியங்கள் பாதி இடத்தில் அந்த அர்த்தத்திலும் ஓடும், அதுதான் ஆபத்து. கணக்கைப் பார்த்து முடிவெடுக்கிறவரின் முடிவையே மாற்றிவிடும் அளவுக்குப் பெரிய பிழை என்பது அதன் பொருள் என்று என் பிரின்சிபல் (நான் பயிற்சி எடுத்த ஆடிட்டர்) ஒருநாள் டீக்கடையில் சொன்னார். அன்று இரவு புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து திரும்பப் படித்தேன், வேறு புத்தகம் மாதிரி இருந்தது.

இந்த மாதிரிச் சொற்கள் தெரியாத சொற்கள் இல்லை. தெரிந்த மாதிரி இருக்கிற சொற்கள். 'குவாலிஃபைட் ஒபினியன்' என்றதும் தகுதியான, நல்ல கருத்து என்று எழுதுகிற பையன்களை என் ஆபீஸிலேயே பார்த்திருக்கிறேன். குவாலிஃபைட் டாக்டர் என்று போர்டு பார்த்து வளர்ந்தவன் வேறு என்ன நினைப்பான்? உண்மையில் அது 'இந்த ஒன்றைத் தவிர மற்றது சரி' என்று குறை வைத்துச் சொல்வது. 'அவுட்ஸ்டாண்டிங்' என்றால் பள்ளியில் பிரமாதம், பேரேட்டில் நிலுவை. 'கோயிங் கன்சர்ன்' இன்னொன்று. கன்சர்னைக் கவலை என்று எடுத்துக்கொண்டால் எஸ்.ஏ. 570 முழுக்கக் கவலைதான். தொழில் நின்றுபோகாமல் தொடர்ந்து நடக்கும் என்ற அடிப்படையில் கணக்கு எழுதியது சரியா என்று பார்ப்பது அது.

தமிழ் வழியில் படித்ததில் ஒரு லாபம் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் புரொவிஷன் 'ஒதுக்கு', ரிசர்வ் 'காப்பு'. வாரா ஐயக்கடன் ஒதுக்கு, பொதுக் காப்பு. இரண்டும் வேறு என்று அந்தச் சொல்லே சொல்லிவிடும். இங்கிலீஷில் பேசுகிற கடைக்காரர் இரண்டையும் ரிசர்வ் என்பார். அந்தத் தமிழ்ச் சொற்களைத் தூக்கிப் போடாதீர்கள்.

சரி, நேராக விஷயத்துக்கு. அனுமானம் வேண்டாம். ரிசல்ட் வந்த 30 நாளுக்குள் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்கலாம், என் பையன்கள் வாங்கியபோது பேப்பருக்கு 500 ரூபாய். மறுமதிப்பீடு கிடையாது, வெரிஃபிகேஷனில் கூட்டலையும் திருத்தாமல் விட்ட விடையையும் மட்டும்தான் பார்ப்பார்கள். ஆகவே மார்க் ஏறும் என்று வாங்காதீர்கள். எங்கே விழுந்தது என்று பார்க்க வாங்குங்கள். 6,000 கொடுப்பதற்கு முன் 500 கொடுங்கள்.


தெப்பம்

பேரேடு சார் சொல்வதோடு ஒன்று. பழைய ஸ்கீமில், சி.ஏ.வின் முதல் படியான ஃபவுண்டேஷனின் இரண்டாவது பேப்பரில் 60 மார்க் பிசினஸ் லா, 40 மார்க் வணிகக் கடிதம், ரிப்போர்ட், சுருக்கி எழுதுவது என்று இருந்தது. எல்லோரும் அதைக் கேலி செய்வோம். 2024 ஜூனிலிருந்து அந்த 40ஐயே எடுத்துவிட்டார்கள்.


மாட்டுத்தாவணி

எடுத்தது நல்லது. கிராமத்துப் பையன்கள் அந்த 40இல்தான் ஃபவுண்டேஷனிலேயே விழுந்தார்கள்.


வெற்றிலைக்கொடி

விழுவார்கள்தான். ஆனால் பத்தியைப் படித்துச் சுருக்கி எழுது என்று அவர்களை உட்கார வைத்த கடைசி இடமும் அதுவாகத்தானே இருந்திருக்கும்? வாசல்படி உயரம் என்று படியை எடுத்துவிட்டால் உள்ளே இருக்கிற மாடிப்படி குறையாது.


மாட்டுத்தாவணி

வாத்தியாரிடம் வாய் கொடுக்கக் கூடாது என்று அப்போதே சொன்னார்கள்.


உசிலைக்காரன் (ஆகஸ்ட், முதல் வாரம்)

நகல் வந்துவிட்டது. முந்தாநாள் ராத்திரி ஆபீஸ் கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தேன். பரீட்சை நடத்தும் இன்ஸ்டிடியூட் போட்ட சஜஸ்டட் ஆன்சரை (மாதிரி விடையை) பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகப் பார்த்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஆச்சரியமான விஷயம். அபிப்பிராய வகைகள் பற்றி ஒரு கேள்வி. என் இங்கிலீஷ் அதில் கந்தல். 'கம்பெனி நாட் கிவ்விங் புரூஃப், ஸோ ஆடிட்டர் கிவ்விங் டிஸ்கிளைமர்' என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். எனக்கே கூச்சமாக இருந்தது. ஐந்துக்கு நாலு போட்டிருக்கிறார்கள். சான்று கிடைக்கவில்லை, பாதிப்பு கணக்கு முழுக்கப் பரவக்கூடியது, ஆகவே டிஸ்கிளைமர் (கருத்துச் சொல்ல இயலாது என்பது), எஸ்.ஏ. 705. இது எல்லாம் அதில் இருந்தது.

இன்னொரு விடை. ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறேன், எழுத்துப் பிழைகூட அதிகம் இல்லை. நாலுக்கு அரை.

கேள்வி இதுதான்: கடன் பாக்கிக்காரர்களுக்குக் கடிதம் போட்டு பாக்கி சரியா என்று கேட்க ஆடிட்டர் விரும்புகிறார். ஒரு குறிப்பிட்ட பார்ட்டிக்கு மட்டும் கடிதம் போட நிர்வாகம் சம்மதிக்கவில்லை. ஆடிட்டர் என்ன செய்ய வேண்டும்? நான் என்ன எழுதியிருக்கிறேன் தெரியுமா? கன்பர்மேஷன் என்றால் என்ன, பாசிட்டிவ் என்றால் என்ன, நெகட்டிவ் என்றால் என்ன, எப்போது எது. எஸ்.ஏ. 505 நோட்ஸை அப்படியே இறக்கி வைத்திருக்கிறேன். நிர்வாகம் மறுத்தது என்பது என் விடையில் எங்கேயுமே இல்லை.

வெற்றிலைக்கொடி ஐயா, நீங்கள் சொன்ன வித்தைதான். கன்பர்மேஷன் என்ற சொல்லைப் பார்த்தேன், அந்தச் சொல் இருக்கிற பக்கத்தை எடுத்து எழுதிவிட்டேன். என் பத்தாம் வகுப்பு சாரும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் இல்லாவிட்டால் நான் பத்தாவதே தாண்டியிருக்க மாட்டேன்.

இதே மாதிரி இன்னும் இரண்டு விடைகள். அப்புறம் 'வேறுபடுத்திக் காட்டுக' என்ற கேள்விக்கு இரண்டையும் தனித்தனியாக விளக்கியிருக்கிறேன், வேறுபாட்டைச் சொல்லவே இல்லை. பாதி மார்க். கடைசியில் எட்டு மார்க்குக்கு வெறும் தாள். அந்தக் கேள்விகளைப் படித்த ஞாபகமே இல்லை, நேரம் முடிந்துவிட்டது.

இலக்கணத்துக்காக ஒரு மார்க்கூடப் போனதாகத் தெரியவில்லை.


பேரேடு

இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று தெரியும். நன்றி. என் ஆபீஸ் பையன்களுக்கு இதைப் படித்துக்காட்டப் போகிறேன்.

இங்கிலீஷ் மார்க்கைத் தின்கிறது, உண்மைதான். ஆனால் தின்கிற இடம் பேனா இல்லை, கண். வாக்கியத்தில் சின்னச் சொற்களைப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு வர வேண்டும். 'நாட்', 'அன்லெஸ்', 'எக்ஸெப்ட்', 'ரெஃப்யூஸ்டு', 'ஒன்லி'. பெரிய சொல் எந்த எஸ்.ஏ. என்று சொல்லும். சின்னச் சொல்தான் அதில் எந்தப் பத்தி என்று சொல்லும். பழைய ஆர்.டி.பி. (திருப்புதல் கேள்வித்தாள்), எம்.டி.பி. (மாதிரித் தேர்வுத்தாள்) எல்லாம் இன்ஸ்டிடியூட் தளத்தில் இலவசமாகக் கிடக்கிறது. தினம் நாலு கேள்வி. விடை எழுத வேண்டாம், கேள்வியை மட்டும் படியுங்கள்.


வெற்றிலைக்கொடி

படித்தால் மட்டும் போதாது. படித்த கேள்வியைக் கணக்கு தெரியாத ஒருவருக்குத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். யார், யாரிடம், எதைக் கேட்டார், என்ன நடந்தது. அவருக்குப் புரிந்தால் உங்களுக்குப் புரிந்ததாக அர்த்தம். வீட்டில் யார் இருக்கிறார்கள்?


உசிலைக்காரன்

அப்பா. ஆட்டு வியாபாரம், சந்தைக்குச் சந்தை போவார்.


வெற்றிலைக்கொடி

அவரைவிட நல்ல ஆள் கிடைக்க மாட்டார்.


தெப்பம்

மதுரைக்குத் தினம் வருகிறீர்கள் என்றால் ஞாயிற்றுக்கிழமையும் வாருங்கள். நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் நாங்கள் நாலைந்து பேர் காலையிலேயே போய்விடுவோம். 2023இல் அது திறந்ததிலிருந்து எங்களுக்கு அதுதான் வீடு. எனக்கும் ஆள் வேண்டும், நான் இன்னமும் கதை எழுதுகிறவள்தான். என் விடையில் உள்ள கொழுப்பை நீங்கள் வெட்டுங்கள், உங்கள் கேள்வியை நான் கேட்கிறேன்.


மாட்டுத்தாவணி

அந்த எட்டு மார்க் வெறும் தாளுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். எனக்கு எட்டு வரி வேண்டிய இடத்தில் எட்டே வரிதான் மனப்பாடம் இருந்தது. அதனால்தான் நேரம் மிஞ்சியது. எல்லாவற்றையும் கொட்டாதே. மற்றபடி நகல் விஷயத்தில் பேரேடு சார் சொன்னதே சரி, நான் அவசரப்பட்டுவிட்டேன்.


உசிலைக்காரன் (பத்து நாள் கழித்து)

இன்று மார்க் பற்றி ஒன்றும் இல்லை, ஆனால் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

தினம் ராத்திரி சாப்பிடும்போது அப்பாவுக்கு ஒரு கேள்வி சொல்கிறேன். முதல் நாலு நாள் 'ம்' மட்டும்தான். நேற்று அந்த 505 கேள்வியையே சொன்னேன். ஒரு கம்பெனி, அதுக்கு ஒருத்தர் பெரிய தொகை தரணும்னு கணக்கில் இருக்கு. கணக்குப் பார்க்க வந்தவர் அந்த ஆளுக்கே கடுதாசி போட்டுக் கேட்கிறேன் என்கிறார். முதலாளி வேண்டாம் என்கிறார்.

அப்பா சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். "அவரு ஏன்டா கேக்க விடமாட்டேங்குறாரு? அந்தப் பாக்கியே பொய்யி. இல்ல, இவரு ஏற்கெனவே வாங்கித் தின்னுட்டாரு" என்றார்.

நான் ஒரு பக்கம் எழுதி அரை மார்க் வாங்கிய இடம் இது. இதை எப்படி விடையாக எழுதுவது?


பேரேடு

உங்கள் அப்பாவை என் ஆபீஸுக்கு அனுப்புங்கள், நீங்கள் ஆடு மேய்க்கப் போங்கள்.

இப்போது வரிசையாகப் பாருங்கள். "ஏன் கேக்க விடமாட்டேங்குறாரு?" முதல் பாயிண்ட்: மறுப்புக்கு என்ன காரணம் என்று நிர்வாகத்தைக் கேட்க வேண்டும், அந்தக் காரணம் நியாயம்தானா என்று சான்று தேட வேண்டும். உண்மையிலேயே நியாயமான காரணம் இருக்கலாம், அந்தப் பார்ட்டியோடு கோர்ட்டில் வழக்கு நடக்கலாம். "அந்தப் பாக்கியே பொய்யி." இரண்டாவது: மோசடி அபாயம் உட்பட அபாய மதிப்பீட்டில் இது எதை மாற்றுகிறது என்று பார்க்க வேண்டும். மூன்றாவது, அப்பா சொல்லாதது: வேறு வழியில் சரிபார்க்க வேண்டும். பின்னால் பணம் வந்ததா, சரக்கு போன ரசீது இருக்கிறதா. மறுப்பு நியாயமில்லை என்றாலோ, வேறு வழியிலும் சான்று கிடைக்கவில்லை என்றாலோ, நிர்வாகத்துக்கு மேலே மேற்பார்வைப் பொறுப்பில் இருப்பவர்களிடம் சொல்லி, ரிப்போர்ட்டில் நம் கருத்தை அது எப்படி மாற்றும் என்று முடிவு செய்ய வேண்டும்.

நாலு வாக்கியம். உங்கள் கந்தல் இங்கிலீஷே போதும். ஆனால் அப்பா மாதிரி எடுத்த எடுப்பில் 'பொய்யி' என்று எழுதிவிடாதீர்கள். ஆடிட்டர் முதலில் கேட்க வேண்டும்.


உசிலைக்காரன்

அப்பாவிடம் சொன்னேன் சார். "கேட்டா மட்டும் சொல்லிருவானா?" என்கிறார்.